இந்தப் பாடும் நீயே

தேசம் தேசமாகப் போய்ப் பந்தாட்டம் சொல்லித்தரும் ஒரு பெரிய கோச்சுக்கு, முதன்முதலில் பந்தை உதைக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். பொய். அவன் உதைத்த பந்து எங்கள் ஊர் டச்சுக்காரன் கல்லறைக்குள் விழுந்தால் மதிலேறிக் குதித்து எடுத்துவந்தவன் நான். கோல் காப்பதும் என் வேலை. அந்தக் கல்லறை வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடு நிற்கிறது. அதைக் கோலில் நிறுத்தியிருந்தால் என்னைவிட நாலு பந்து கூடுதலாகப் பிடித்திருக்கும்.

அவன் என் அப்பாவின் அண்ணன், பெரிய நைனாவின் மகன். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. பள்ளிக்கூடம் இருவரையும் துரத்திவிட்டது. பந்து அவனை மட்டும் சேர்த்துக்கொண்டது.

பொன்னேரியில் டீமுக்குச் செலெக்சன் நடந்த அன்று எங்கள் ஊர் ஏரியில் அவர்கள் வீட்டுப் பாடு. இறால் விழும் நல்ல இடத்தில் வலை கட்டும் முறை வீடு வீடாகச் சுற்றி வரும். அதைத்தான் பாடு என்போம். வந்த அன்று அந்த வீட்டுக்காக யாரும் இறங்காவிட்டால் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். பெரிய நைனாவுக்கோ காய்ச்சல்.

“எங்க பாட்ட நீ பாத்துக்கடா. ஒன் பாடு வரும்போது நான் எறங்கறேன்,” என்றான்.

“நானும்தானடா செலெக்சனுக்கு வரேன்னு சொன்னேன்.”

“நீ வந்து இன்னா பண்ணப் போற? பந்து வந்தா கண்ண மூடிக்குவ.”

உண்மைதான். நான் தண்ணீரில் இறங்கினேன், அவன் பஸ் ஏறினான். பிறகு பேப்பரில் படம் வந்தது. முட்டி போனதும் கோச்சானான். துபாய், ஆப்பிரிக்கா, கடைசியில் பனி கொட்டும் ஏதோ ஊர். என் பாடு எத்தனையோ முறை வந்துபோனது. பனியில் நிற்பவனை இறாலுக்குக் கூப்பிடுவதா என்று நானும் கேட்கவில்லை.

பெரிய நைனா செத்துப்போன அன்று போனில், “வந்துனே இருக்கேன். நான் வராம தூக்காதீங்க,” என்றான். இரண்டு நாள் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். கொள்ளிச் சட்டியை அவன் கைதான் தூக்க வேண்டும், இந்த ஒன்றையாவது அவனே செய்யட்டும் என்று இருந்தேன். பெட்டிமேல் கையை வைத்தபடி உட்கார்ந்ததில் கை மரத்துப்போயிருந்தது. எடுக்கத் தோன்றவில்லை. அழுகையும் வரவில்லை.

“இன்னாப்பா, புள்ள வருமா வராதா?” என்று ஆரம்பாக்கத்திலிருந்து வந்த சொந்தக்காரர் கேட்டார்.

“வருவான் மாமா. அதுவரைக்கும் நான் ஒரு பந்து புடிச்ச கதைய கேளு.”

“நீ? பந்து புடிச்ச?”

“ஒண்ணே ஒண்ணு. அவன் அடிச்சதுதான். நேரா மூஞ்சிக்கு வருது. கண்ண மூடிக்கினேன். கை மட்டும் தானா மேல போவுது...”

அவன் தங்கச்சி போனைக் கையில் பிடித்தபடி வந்து நின்றாள்.

“சின்னண்ணா, எழுந்து வா.”

“இரும்மா, பந்து இன்னும் கைக்கு வரல.”

“அண்ணன் வரலியாம். நாளைக்கு மேட்சாம். இந்தப் பாடும் நீயே பாத்துடுவியாம். சட்டில நெருப்பு போட்டாச்சு, வா.”