குவிமாடத்து அரசங்கன்று

எங்கள் மாமாவுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் கல்லறைதான். மாமா என்றால் அத்தையின் கணவர். மைசூர் ரயில்வே ஆபீசில் படம் வரைகிறவர். என்றைக்கோ நடந்த சண்டையில் செத்துப்போன ஒரு குதிரைப்படைத் தளபதியின் கல்லறை ஊருக்கு வெளியே பாழடைந்து கிடந்ததை எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். சொந்தத் தாத்தாவின் திவசத்துக்குச் சோம்பல்படுகிற மனிதர், அந்தத் தளபதிக்காக ஆபீஸ் நண்பர்கள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு முள் வெட்டினார், சுண்ணாம்புக் காரை அரைத்தார். கூலியெல்லாம் கிடையாது, அத்தை கட்டிவரும் புளியோதரைதான். அதற்காகவே நானும் போவேன்.

ஒரு வைகாசியில், குவிமாடத்தின் விரிசலில் அரசங்கன்று முளைத்திருப்பது தெரிந்தது. மழைக்கு முன் வேரோடு எடுக்காவிட்டால் மாடம் பிளந்துவிடும், மூன்று வருஷ உழைப்பும் மண்ணாகிவிடும் என்றார் மாமா. கொள்ளேகாலத்துக் கொத்தனார் ஏணியில் பாதி ஏறிவிட்டு இறங்கிவிட்டார்.

"நான் புள்ளகுட்டிக்காரனுங்க சாமி. அரச மரத்துல கை வெக்கமாட்டேன்."

நண்பர்கள் நால்வருக்கும் அந்த நிமிஷம் பார்த்துத் தங்கள் பிள்ளைகளின் ஞாபகம் வந்தது. கல்லறையைக் காத்துவந்த கிழவர் சாயபு, "சின்னதா இருந்தப்பவே நான் கிள்ளியிருப்பேம்மா. உங்க சாமி மரமாச்சேன்னு விட்டுட்டேன். இப்ப ஏற முடியல" என்று அத்தையிடம் வருத்தப்பட்டார்.

எல்லார் கண்ணும் பிள்ளையில்லாத மாமாவின் மேல் போயிற்று. அவர் உளியை எடுத்தார். அத்தையைப் பார்த்தார். கீழே வைத்துவிட்டார்.

அத்தை தினமும் விடிந்ததும் அக்ரஹாரத்து அரச மரத்தை நூற்றெட்டுத் தடவை சுற்றுவாள். எதற்கென்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நான் மட்டும் உடம்பு இளைப்பதற்கு என்று நினைத்திருந்தேன்.

அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் கால் வைத்தாள்.

"வேண்டாம்" என்றார் மாமா.

"மழை வந்தா பிளந்துடும்னேளே. உளியக் குடுங்கோ."

ஒரு சல்லிவேர் மிச்சமில்லாமல், காரையைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள். கன்றை ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு இறங்கினாள். சாயபு மதிலுக்கு வெளியே குழி தோண்டி அதை நட்டார். மாமா விரிசலை அடைத்தார். அந்த ஆடி மழையில் மாடத்தின் அடியில் கையை நீட்டிக்கொண்டு நின்று பார்த்தேன், ஒரு சொட்டு விழவில்லை.

கன்றை எடுத்த மறுநாள் காலையே அத்தை மரம் சுற்றப் போகவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"கால் வலிக்கறதுடி" என்றாள்.

அப்புறம் அவள் போகவே இல்லை. ஏணி ஏறிய வலி இத்தனை நாளா என்று எனக்கு ஆச்சரியம். அத்தனை ஆண்களும் பின்வாங்கிய இடத்தில் ஏறிய அத்தையைப் பற்றிப் பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமையடித்தேன். ஒன்றை மட்டும் சொல்லாமல் மறைத்தேன். இறங்கிவந்து துணிப்பொதியை என்னிடம் கொடுத்தபோது அவள் கை நடுநடுங்கிக்கொண்டிருந்தது. பாவம், உயரம் என்றால் அத்தைக்குப் பயம்போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.