கிணற்றின் பெயர் கேட்ட கட்டம்

அப்போது திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியின் தண்ணீர் ஆராய்ச்சியில் எனக்கு வேலை. ஊர் ஊராய்ப் போய்க் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வருவோம். பல்லைக் கறையாக்கி எலும்பைக் கெடுக்கிற ஃபுளோரைடு அதில் எவ்வளவு என்று ஆய்வக மெஷின் சொல்லும். அந்த அளவுகளை ஃபிளாப்பியில் எடுத்து வந்து, புதிதாக வாங்கிய மென்பொருளில் ஏற்ற வேண்டும். அந்தச் சனியன் ஒரு வரியைக்கூட உள்ளே விடவில்லை. கிணற்றின் பெயர் என்று ஒரு கட்டம். அது காலியாக இருந்தால் மொத்தத்தையும் திருப்பித் துப்பியது.

பேராசிரியரிடம் போய் நின்றேன். "எதையாச்சும் போட்டு ஏத்தும்மா, நாளைக்கு ரிப்போர்ட் போகணும்" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். எங்கள் பக்கம் கிணற்றை உடையவர் பெயரைச் சொல்லித்தான் அடையாளம் சொல்வார்கள். பாட்டில்களிலும் அப்படியே எழுதி ஒட்டியிருந்தேன். அதையே மடமடவென்று அடித்தேன். எல்லாம் உள்ளே போயிற்று. அன்றைக்கு எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அகரத்துப் பக்கம் மல்லிகைத் தோட்டம் போட்டிருந்த ஒரு அக்கா. தெருவுக்கே குடிதண்ணீர் அவர் கிணற்றில்தான். மோட்டார் ஓடினால் குடத்தோடு வருவார்கள். யாரையும் அவர் வேண்டாமென்றதில்லை. எல்லோரும் குடிக்கிற தண்ணீர் என்பதால் அந்தத் தெருவில் அதை மட்டுமே சோதித்தோம். ஃபுளோரைடு மிக அதிகம். மென்பொருள் அச்சடித்துத் தந்த ரிப்போர்ட்டைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டினார்கள், அவர் பெயரோடு.

குடங்கள் வருவது நின்றது. அது நல்லதுதான். ஆனால் அவர் மகளுக்குச் செம்பட்டியில் நிச்சயமாகியிருந்த கல்யாணமும் நின்றுபோனது. "அந்தத் தண்ணியக் குடிச்சு வளந்த புள்ள, எலும்பு என்னத்துக்காகும்" என்றார்களாம் மாப்பிள்ளை வீட்டார். அந்தக் கிணறு வெட்டியதே அந்தப் பெண் வளர்ந்த பிறகுதான்; பல்லெல்லாம் அத்தனை வெள்ளை. கேள்விப்பட்டதும் ஆய்வகத்துக்கு ஓடினேன். மென்பொருளில் பெயரை அழித்துவிட்டு வெறும் எண் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். மறு பேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. முதலிலேயே அப்படிப் போட்டிருக்கலாமே பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அவர் முகத்தில் விழிக்கத் தைரியம் வரவில்லை. அவரே ஆய்வகத்துக்கு வந்தார், கையில் ஒரு பாட்டில்.

"செத்த இதையும் பாத்துச் சொல்லு பாப்பா. மாப்ள வீட்டுக் கெணத்துத் தண்ணி. கல்யாணத் தரகர்ட்டச் சொல்லி எடுத்தாரச் சொன்னேன்."

மெஷினில் வைத்தேன். அவர் கிணற்றைவிடக் கூடுதல். எனக்குக் குஷி தாங்கவில்லை. "அக்கா, இதையும் ஏத்திருவோம். அவங்க பேரும் செவுத்துல வரட்டும்" என்றேன்.

அவர் பாட்டிலைத் திரும்ப வாங்கி மூடியைத் திருகினார்.

"வேணாம் பாப்பா. அந்த வீட்லயும் கட்டிக்குடுக்குற வயசுல ஒரு புள்ள இருக்கு. நீயே போயி, இந்தத் தண்ணியக் குடிக்காதீங்கன்னு மட்டும் சொல்லிட்டு வா. நான் சொன்னேன்னு சொல்லாத."

செம்பட்டிக்குப் பஸ் ஏறினேன். மாப்பிள்ளையின் அம்மாவைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மாள் பயந்துபோய், பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஊருக்குத் தெரியாம வீடு தேடி வந்து சொன்னீங்களே, நல்லா இருப்பீங்க."

என் உடம்பெல்லாம் கூசியது. அந்தக் கையை உதறிவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது. அக்காவின் பெயர் நுனி நாக்கு வரை வந்தது; சொல்லாமல் பஸ் ஏறினேன்.