உப்பிய ரப்பர்

எங்கள் வீட்டு மாதா சுரூபத்தின் காலடியில், மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில், ஒரு கறுப்பு ரப்பர் மூடி இருக்கிறது. சுண்டுவிரல் நுனிக்குத் தொப்பி மாதிரி போடலாம், அவ்வளவுதான். தூசு தட்டும்போதெல்லாம் எடுத்துத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிடுவேன். அதை அங்கே வைத்தவர் என் மாமனார். ஏன் வைத்தீர்கள் என்று அவரிடம் நான் கேட்டதில்லை. நாங்கள் இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டதே கிடையாது, ஒரு நாளைத் தவிர.

சண்டை ஒன்றுமில்லை. மருமகளிடம் முகம் பார்த்துப் பேசக்கூடாது என்பது அவர் வளர்ந்த வீட்டு வழக்கம். மாமியார் இருந்தவரை நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொல்வார். அவரும் போய்ச் சேர்ந்தார். என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் தங்கி வேலை பார்த்து வார இறுதியில்தான் வருவார். பாலத்துக்கு இந்தப் பக்கம், பெர்மாஸ் ஜெயா வீட்டில் மிஞ்சியது நாங்கள் இருவர். மாமனார் சாமான்களோடு பேசத் தொடங்கினார். "ரேடியோ, இன்னிக்குக் குழம்புல உப்புத் தூக்கல்" என்பார். "காத்தாடி, மழை வரும்போல, துணிய எடுக்கச் சொல்லு" என்பார். நானும் ரேடியோவுக்கே பதில் சொல்வேன். நினைத்தால் சிரிப்பு வரும், ஆனால் அதிலும் ஒரு மரியாதை இருந்தது.

அப்போது செனாயில் ஒரு தொழிற்சாலைக்குப் பழைய மோட்டார் சைக்கிளில் போய்வந்தேன். ஒரு நாள் வீட்டுக்காரரிடம் போனில், "முன் பிரேக்குல மின்யாக் கொறஞ்சிருக்கு, ஊத்தணும்" என்றேன். எங்கள் ஊரில் பெட்ரோலும் மின்யாக், எஞ்சினுக்கு ஊற்றும் கறுப்பு எண்ணெயும் மின்யாக், அப்பளம் பொரிப்பதும் மின்யாக்தான். மாமனார் காதில் அது விழுந்திருக்கிறது. எந்த மின்யாக் என்று கேட்டிருந்தால் ஒரு சொல்லில் முடிந்திருக்கும். கேட்கத்தான் வழியில்லையே. நான் துணி காயப்போடும் நேரம் பார்த்து, மருமகளுக்கு ஒரு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று, கைப்பிடி மேல் பிரேக் எண்ணெய்க்கென்று இருந்த சின்ன டப்பாவைத் திறந்து எஞ்சின் எண்ணெயை நிரப்பிவிட்டார்.

பிரேக் ரப்பருக்கு அந்த எண்ணெய் ஆகாது. ஊறவைத்த கடலை போல உப்பிவிடும். சில நாளில், வேலைக்குப் போகும் வழியில், முன் சக்கரம் தானாகவே இறுகியது. சாலை விளக்கில் நின்ற வண்டி பச்சை விழுந்தும் நகரவில்லை. பின்னால் லாரி ஹாரன் அடிக்கிறது, சக்கரத்தில் புகை வருகிறது. சூடு ஆறியபின் தள்ளிக்கொண்டே வீடு வந்தேன். அங்கிருந்து பட்டறைக்கு மாமனாரும் கூடவே தள்ளிக்கொண்டு வந்தார்.

பட்டறைக்காரச் சீனர் டப்பாவைத் திறந்து, விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். "அலமாக், யாரு இதுல கறுப்பு மின்யாக் ஊத்துனது? ஆளைக் கொல்லவா?" என்று மலாயில் கேட்டுச் சிரித்தார். மாமனார் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு முன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரென்று எனக்குப் புரிந்துவிட்டது. வயதில் பெரியவர் ஒருவர் நம் முன்னால் கூனிக்குறுகி நிற்பதைப் பார்ப்பது இருக்கிறதே, அந்த வெட்கம் நம்மேலும் ஒட்டிக்கொள்கிறது. "தெரியாது லா" என்று சொல்லிவிட்டு நானும் சக்கரத்தைப் பார்த்தேன்.

சீனப் பெருநாளுக்குக் கடை சாத்துகிற நேரம். பெருநாள் முடிந்து அவர் கடை திறக்கும் முன்பே எனக்கு ஷிப்டு தொடங்கிவிடும். புது ரப்பர்களையும் சரியான எண்ணெயையும் கொடுத்து, செய்யும் விதத்தைச் சொல்லி அனுப்பினார். தொழிற்சாலையில் என் வேலையே ரப்பர் வளையம் மாட்டுவதுதான், அதனால் துணிந்துவிட்டேன். எல்லாவற்றையும் கழற்றி, கழுவி, மேலும் கீழும் புது ரப்பர் போட்டேன். கடைசி வேலைக்குத்தான் இரண்டு பேர் வேண்டும். குழாயில் நிற்கும் காற்றை வெளியேற்ற, ஒருவர் பிரேக் பிடியை அமுக்கிப் பிடிக்க, மற்றவர் கீழே திருகைத் திறந்து மூட வேண்டும். மூடும்வரை பிடியை விடக்கூடாது. விட்டால் காற்று திரும்பவும் உள்ளே ஏறிவிடும்.

மாமனார் வந்து பிடியில் கை வைத்தார். "மோட்டாரு, அமுக்கணும்" என்றேன். அமுக்கினார். "மோட்டாரு, பிடிச்சுக்கணும்." நான் திருகை மூடுவதற்குள் விட்டுவிட்டார். மறுபடியும் அதேதான். நான் வண்டியிடம் சொல்வதும், தனக்கா என்று அவர் தயங்குவதுமாக, குமிழி வந்துகொண்டே இருந்தது. "மோட்டாரு, ஒன்ன நான்தான் கெடுத்தேன்" என்றார் மெதுவாக. பிறகு என் பக்கம் திரும்பினார். "எனக்கே சொல்லும்மா."

"அமுக்குங்க மாமா. பிடிங்க. இப்ப விடுங்க." மாமனாரை இப்படி ஏவுகிறோமே என்று கூச்சத்தில் எனக்குக் காது சுட்டது. அவர் பள்ளிப் பிள்ளை மாதிரி சொன்னதைச் செய்தார். கடைசியில் பிடி கல்லாக நின்றது. என்னை ஏறவிடவில்லை. தானே ஏறித் தெருக்கோடி வரை போய், முன் பிரேக்கை மட்டும் பிடித்து நிறுத்திப் பார்த்துவிட்டு வந்தார். உப்பிய ரப்பரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் அது மாதா காலடியில் இருந்தது, அவரும் ரேடியோவிடமே திரும்பியிருந்தார். ஆனால் சாகும்வரை, நான் வேலை முடிந்து வந்ததும் வாசலுக்கு வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முன் சக்கரத்தைப் பார்ப்பார்.

போன சனிக்கிழமை அதே வண்டிக்கு மறுபடி ரப்பர் மாற்றினோம். இப்போது எனக்குக் குனிய முடியாது. திருகு என் மகன் மனைவி கையில், பிடி என் கையில். இந்த வண்டியை அக்குவேறு ஆணிவேறாகத் தெரியும் என்று அவளிடம் நிறையவே பெருமை பேசியிருக்கிறேன். "பிடிங்க அத்தை" என்றாள். பிடித்தேன். விரல் மரத்துப்போய், அவள் சொல்லுமுன் விட்டுவிட்டேன். "பரவாயில்ல அத்தை, இன்னொருவாட்டி" என்றாள். இன்னொருவாட்டியும் விட்டேன். இந்த முறை நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை. முன் சக்கரத்தைப் பார்த்தேன்.

"மோட்டாரு, கெழவி விரலு சொன்ன பேச்சக் கேக்கல, கொஞ்சம் பொறுத்துக்க" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். "யாருகிட்ட அத்தை பேசுறீங்க?"

திறந்திருந்த கதவு வழியே, மாதா காலடியில் அந்த ரப்பர் தெரிந்தது. பிடியை மறுபடி அமுக்கினேன்.

"ஒன்கிட்டதாம்மா" என்றேன்.