பதினாலாம் நம்பர் காடு

கல்யாணமாகி ஏழு மாதம் ஆகியும் நானும் என் மாமனாரும் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிடம் பேசியதில்லை. சண்டையெல்லாம் இல்லை. நான் சென்னையில் பிறந்து வளர்ந்தவன். அவர் பாலக்காடு மாவட்டம் பெருமாட்டியில் தென்னையும் கடலையும் போடுகிறவர். "சாப்புட்டீங்களா மாப்ள?" என்பார். "சாப்பிட்டேன் மாமா" என்பேன். அதோடு இருவருக்கும் சரக்கு தீர்ந்துவிடும். இதைப் பார்த்து அலுத்துப்போன என் மனைவி கவிதா கடந்த டிசம்பரில் ஒரு முடிவெடுத்தாள். மாமாவுக்குத் தேயிலைத் தோட்டம் பார்க்க நெடுநாள் ஆசை, எனக்கோ மலை என்று ஒன்று இருந்தால் போதும். "நீங்க ரெண்டு பேரும் மட்டும் போயிட்டு வாங்க" என்று வண்டிப்பெரியாரில் இரண்டு இரவுக்கு அறை போட்டுவிட்டாள். கூடவே ஒரு கட்டளை: "ஊசி போட்டா அரை மணி நேரத்துக்குள்ள அப்பா சாப்புடோணும். அத மட்டும் பாத்துக்குங்க." மாமாவுக்குச் சர்க்கரை நோய், மூன்று வேளையும் இன்சுலின்.

பெருமாட்டியிலிருந்து வண்டிப்பெரியார் ஏறக்குறைய 280 கிலோமீட்டர். இதில் வேடிக்கை என்னவென்றால், கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போக நாள் முழுக்கத் தமிழ்நாட்டில் ஓட்ட வேண்டும். பொள்ளாச்சி, பழனி, ஒட்டன்சத்திரம், தேனி, கம்பம் என்று வந்து குமுளியில் மலையேறி மறுபடி கேரளத்துக்குள் நுழைந்தோம். காலை ஐந்துக்குக் கிளம்பி ஒன்றே முக்காலுக்கு வந்து சேர்ந்தோம். நிற்காமல் வந்தால் ஏழரை மணி நேரம் போதும். மாமா நான்கு இடங்களில் வண்டியை நிறுத்தச் சொல்லி, முன்பின் தெரியாதவர்களின் நிலத்தில் இறங்கி மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அறை ஒரு நாளைக்கு 1,400 ரூபாய், காலைச் சாப்பாட்டோடு. மறுநாள் ஏழரைக்கு ஆப்பமும் கடலைக்கறியும் சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்கு ஜீப்பில் ஏறினோம். அரை நாளுக்கு 1,800 ரூபாய். ஓட்டுநர் ஜெபராஜுக்கு நாற்பது வயதிருக்கும். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து தேயிலை பறிக்க வந்த குடும்பம். நாங்கள் போனது நகரத்திலிருந்து 11 கிலோமீட்டர் மேலே, இரண்டு வரிசை லயம், ஒரு தேவாலயம், ஒரே ஒரு சாப்பாட்டுக்கடை உள்ள தோட்டக் கிராமம். லயம் என்றால் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். கூட்டம் வந்துவிடும், பெயரைப் போடாதீர்கள் என்று ஜெபராஜ் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. கடைசி நான்கு கிலோமீட்டர் வெறும் கல். கார் போகாது, இடுப்பும் தாங்காது.

"சுருக்கா பாத்துருவோம் சார். மத்தியானத்துக்கு மேல கோட எறங்கிரும்" என்றார் ஜெபராஜ். டிசம்பரில் என்ன கோடை என்று முழித்தேன். அவர் எதிர்மலையைக் காட்டினார். அதன் தலையில் பஞ்சுபோல மூடுபனி உட்கார்ந்திருந்தது. அதுதான் கோட, மலையாளத்திலிருந்து வந்த சொல். என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

முதலில் தேவாலயத்துக்குப் பின்னாலுள்ள புல்மேடு. இருபது நிமிட ஏற்றம்தான், ஆனால் மேலே போனால் காற்று சட்டையைப் பிடித்து இழுக்கிறது, கீழே பெரியாறு ஒரு கோடாகத் தெரிகிறது. அடுத்து ஒன்றரை கிலோமீட்டர் நடந்து அருவி. பெரிதாக ஒன்றுமில்லை, இரண்டு ஆள் உயரம் இருக்கும், தண்ணீர் மட்டும் பல்லைக் கிட்டிக்க வைத்தது. அருவியிலிருந்து வருகிற ஓடைதான் எல்லை. இந்தப் பக்கம் தேயிலை, அந்தப் பக்கம் அரசாங்கத்தின் ஒதுக்கு வனம். ஓடைக்கரையில் காய்ந்தும் காயாமலும் யானைச் சாணி கிடந்தது. "தண்ணி குடிக்க இங்ஙனதான் எறங்கும். அக்கரைக்கு மட்டும் போயிராதீக" என்றார் ஜெபராஜ். மாமா கண் யானைச் சாணியில் இல்லை. இவ்வளவு சரிவில் மண் அரிக்காமல் எப்படி நட்டிருக்கிறார்கள் என்று தேயிலைச் செடிகளின் அடியையே குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார்.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுக்கடைக்கு வந்தோம். கடை எஸ்தர் அக்காவுடையது. "சோறு வடிச்சுட்டேன், பத்தே நிமிசம்" என்று அவர் சொன்னதை நம்பி மாமா வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டார். ஜெபராஜ் லயத்திலிருக்கும் தங்கையைப் பார்க்கப் போனார். நான் கோட இறங்குகிற அழகைப் படம் பிடிக்கத் தேவாலயம் வரை போனேன். தப்பு அங்கேதான். திரும்பி வந்தால் இலை போட்டிருக்கிறது, சோறு ஆவி பறக்கிறது, மாமாவைக் காணோம். "ஒரு எட்டுப் பாத்துட்டு வந்தர்றேன்னு போனாரே" என்றார் எஸ்தர் அக்கா. வெளியே பத்தடி தூரத்தில் நிற்கும் ஜீப் தெரியவில்லை.

மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து. மூன்றாவது முறை அழைத்தபோது போன் எடுத்தார். "காட்டுக்குள்ளதானுங்க மாப்ள நிக்கறேன். பனீல வழி தெரீலீங்க. வாங்க" என்றார். குரல் குழறியது. சிக்னல் போய்விட்டது.

"மாமா ஃபாரஸ்ட்டுக்குள்ள போயிட்டாரு!" என்று கத்தினேன். எஸ்தர் அக்கா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். சாப்பிட வந்த இரண்டு தொழிலாளர்களும் கையலம்பாமலே எழுந்து வந்தார்கள். நான்கு பேரும் ஓடைப் பக்கம் இறங்கினோம். அவர்கள் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டே கூப்பிட்டார்கள். நான் ஓடையைத் தாண்டி அக்கரையில் ஏறிவிட்டேன். "சார், வேண்டாம் சார்!" என்று பின்னால் சத்தம் கேட்டது. நிற்கவில்லை. ஈரமும் இருட்டுமாக மரங்கள். எங்கோ மூங்கில் முறிகிற ஓசை. பயந்தேன், வெட்கப்படாமல் சொல்கிறேன், மிகவும் பயந்தேன். அதைவிடப் பெரிய பயம், ஊசி போட்டு நாற்பது நிமிடம் ஆகிவிட்டது என்பது.

ஒன்று இருபதுக்கு ஜெபராஜ் ஓடைக்கரைக்கு வந்து, கத்திக் கூப்பிட்டு என்னை இக்கரைக்கு வரவைத்தார். ஃபாரஸ்ட், ஃபாரஸ்ட் என்று நான் உளறியதைக் கேட்டுவிட்டு என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"சார், ஐயா போன்ல என்ன சொன்னாக? அவுக சொன்ன மாதிரியே சொல்லுங்க."

"காட்டுக்குள்ள நிக்கிறேன்னு சொன்னாரு."

"காடுன்னா சொன்னாக? அட என்ன சார் நீங்க! காடுன்னா தேயிலக்காடுல்ல!"

எஸ்தர் அக்கா தலையில் அடித்துக்கொண்டார். அந்தத் தோட்டத்தில் தேயிலை நட்ட ஒவ்வொரு பகுதியும் ஒரு காடு. ஒவ்வொன்றுக்கும் நம்பர் உண்டு. பெருமாட்டியில் கடலைக்காடும் சோளக்காடும் எப்படியோ அப்படி. "அப்பா காட்டுக்குப் போயிருக்காங்க" என்று ஊருக்குப் போன் பேசிவிட்டுக் கவிதா ஏழு மாதமாகச் சொல்லும்போதெல்லாம், தோப்புக்குப் பின்னால் ஏதோ நிஜமான வனம் இருக்கிறது, மாமா பெரிய தைரியசாலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்கக் கூச்சம். மாமா சொன்ன சொல்லை அப்படியே சொல்லியிருந்தால் அங்கே இருந்த மூன்று பேருக்கும் புரிந்திருக்கும். நான்தான் அதை எனக்குத் தெரிந்த பாஷைக்கு மாற்றி, எல்லாரையும் எதிர்த்திசையில் ஓடவிட்டேன்.

ஜெபராஜ், வேறு சிம் போட்ட தன் போனில் மாமாவைப் பிடித்தார். "ஐயா, வழியோரம் கல்லு நட்டுருக்கும். நம்பர் என்ன போட்டுருக்கு?" பதில் வர நேரமானது. "பதி...னாலுங்க" என்று கேட்டது.

பதினாலாம் நம்பர், கடைக்கு மேலே நானூறு மீட்டர்கூட இருக்காது. கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அந்தக் குளிரிலும் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது, விரல்கள் நடுங்கின. எஸ்தர் அக்கா வரும் வழியில் கடையில் புகுந்து சர்க்கரை டப்பாவையே தூக்கி வந்திருந்தார். தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தோம். பத்து நிமிடம் கழித்து அவர் கண்கள் என்னை அடையாளம் கண்டுகொண்டன.

"காட்டுக்குள்ளன்னு தெளிவாத்தானுங்க சொன்னேன். வந்துருவீங்கன்னு அசையாம உக்காந்திருந்தனுங்க."

நான் எங்கே தேடினேன் என்று சொன்னேன். அவர் என் முழங்கால் வரை ஈரமாயிருந்த பேண்ட்டைப் பார்த்தார். "அங்க எதுக்குங்க போனீங்க? ஆனை இருக்குதுங்கல்லொ?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை.

அவரைக் கடைக்குக் கூட்டிவந்து சோறு சாப்பிட வைத்து, நேரே வண்டிப்பெரியாரில் ஒரு மருத்துவரிடம் காட்டினோம். பயமில்லை என்றார்.

இந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு: டிசம்பர், ஜனவரி நல்ல மாதங்கள், அட்டைத் தொல்லை இல்லை. காலை எட்டுக்குள் கிளம்பிப் பன்னிரண்டுக்குள் நடையை முடித்துவிடுங்கள். இரண்டு சிம் வைத்துக்கொள்ளுங்கள். ஓடைக்கு அப்பால் அனுமதியில்லாமல் போவது குற்றம், நான் செய்ததைச் செய்யாதீர்கள். இன்சுலின் போடுகிறவர் உடன் வந்தால் சாப்பாடு இலைக்கு வந்த பிறகே ஊசி, சட்டைப்பையில் எப்போதும் சர்க்கரை. தேயிலைக்குள் இறங்கும்போது வழியோரக் கல்லிலுள்ள நம்பரைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். உதவி கேட்கும்போது, கேட்ட சொல்லை மாற்றாமல் சொல்லுங்கள்.

அன்று மாலை ஏழு மணிக்குக் கவிதாவைக் கூப்பிட்டு எதையும் மறைக்காமல் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவள், "அப்பாகிட்டக் குடுங்க" என்றாள். மகளைச் சாமி என்றே கூப்பிடும் மாமா கட்டிலில் உட்கார்ந்து, "ஆமா சாமி... செரி சாமி..." என்று அவளுடைய திட்டை முழுக்க வாங்கிக்கொண்டார். பிறகு குரலைத் தணித்தார். "சோறு வர்றதுக்குள்ள எந்திரிச்சுப் போனது நானு. மாப்ள ஆனக்காட்டுக்குள்ள எறங்கித் தேடியிருக்கறாரு சாமி. அவரைய ஒண்ணுஞ் சொல்லீராத."

போன் என் கைக்குத் திரும்பி வந்தது. திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். கவிதா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: "நீங்க சாப்புட்டீங்களா?"

இல்லை. காலையில் சாப்பிட்ட ஆப்பம்தான்.