மாமா தர வேண்டிய மொண்ணை டூல்

கையில் எது புதிதாக வந்தாலும் சென்னியப்ப மாமா முதலில் அதைச் சாணைக்கல்லில் வைப்பார். அரிவாள்மணை, கத்தரி, கல்யாணத்துக்கு வந்த நகவெட்டி, எதுவும் தப்பியதில்லை. "கம்பெனிக்காரன் வெச்ச கூரு ஒரு கூரா?" என்பார். சின்ன வயதிலிருந்து நான் பார்த்த பழக்கம். அதை மறந்துபோனதுதான் என் ஆராய்ச்சியின் முதல் தோல்வி.

மாமா திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறையில் லேத் ஓட்டினார். நான் குடும்பத்தில் முதல் பட்டதாரி; சென்னையில் ஆராய்ச்சி மாணவன். லேத்தில் இரும்பைச் சீவும் டூலின் மேல் டைட்டானியம் நைட்ரைடு படலம் பூசுவது என் வேலை. காற்றை உறிஞ்சி வெளியேற்றிய கலத்துக்குள் ஆர்கான் அயனிகள் டைட்டானியத் தகட்டில் மோதி அணு அணுவாகப் பெயர்க்கும். பெயர்ந்தது நைட்ரஜனோடு சேர்ந்து டூலில் படியும். பொன்னிறம், நல்ல கடினம். தடிமன் மட்டும் தலைமுடியில் முப்பதில் ஒரு பங்கு. அந்த டூல் எத்தனை புஷ், அதாவது இரும்பு வளையம், கடைந்தபின் மொண்ணையாகிறது என்று நிஜப் பட்டறையில் பார்த்து, மொண்ணை முனையை மைக்ரோஸ்கோப்பில் காட்டினால்தான் கடைசி அத்தியாயத்தை ஏற்பேன் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

1987 தை மாதம் நான்கு டூல்களோடு போனேன்.

"என்ன மாப்ள, கில்ட்டு நகையாட்டம் மினுக்குது?"

"கில்ட்டு இல்லீங்க மாமா. ரெண்டு வருச உழைப்புங்க."

"ரெண்டு வருசமா? நம்மூரு தட்டான் ரெண்டு நாள்ல பூசியிருப்பானே!"

டீ குடித்துவிட்டு வந்தேன். சாணைக்கல்லில் பொறி பறந்துகொண்டிருந்தது. மூன்று டூல்களின் முனையில் பொன்னிறமே இல்லை.

"மாமா! பூச்செல்லாம் போச்சுங்களே!"

"மழுங்கலா இருந்துச்சு சாமி, கூராக்கி வெச்சேன். அத்தன கெட்டிப் பூச்சுன்னா கல்லுக்கு ஏன் மாப்ள பயப்படுது?"

நாலாவதைப் பிடுங்கிக்கொண்டேன். மாமாவின் முகம் சுருங்கிப்போனது.

"சரி, குடு. கல்லுப் பக்கமே கொண்டு போகமாட்டேன், மலைமேல இருக்கறவரு சத்தியம். மொண்ணையானதும் உங்கையில கொண்டாந்து தாரேன்."

அடுத்த மாதமே முதலாளி வடக்கே ராய்ப்பூரில் ஒரு பட்டறை போட்டு மாமாவை அனுப்பிவைத்தார். டூலும் சட்டைப்பையில் போனது. அங்கிருந்து கார்டு வந்தது: "நானூறு புஷ் ஆச்சு. மொண்ணை ஆகவில்லை." அடுத்த கார்டில் தொள்ளாயிரம். சாதா டூல் நூற்றைம்பதிலேயே மழுங்கிவிடும். விடுதி அறையில் தனியாகக் குதித்தேன்.

அப்புறம்தான் உறைத்தது. சாணைக்கல்லைக் கண்டால் சும்மா இருக்கும் கையா அது? மழுங்க மழுங்கத் தீட்டிக்கொண்டே இருந்தால் எந்த டூல் மொண்ணையாகும்? ஊரிலேயே இருந்த வசந்தாமணி அத்தையிடம் மாமாவின் சத்தியத்தைப் பற்றிச் சொன்னேன்.

"என்னையக் கட்டறப்பவும்தான் இனிமே பீடி குடிக்கமாட்டேன்னு சத்தியம் பண்ணாரு" என்றார் அத்தை.

தொள்ளாயிரம் என்றே எழுதியிருக்கலாம். ராய்ப்பூர் போய் யார் பார்க்கப்போகிறார்கள்? கை வரவில்லை. அது நேர்மையா, மாட்டிக்கொள்வோம் என்ற பயமா, எனக்கே தெரியவில்லை. ஆய்வேட்டு அட்டவணையில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன். பேராசிரியர் ஆய்வேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"மொண்ணையோ கூரோ, இருக்கிறபடியே எடுத்துக்கொண்டு வாருங்கள் மாமா" என்று எழுதினேன். பதில் உடனே வந்தது: "மொண்ணை ஆகாமல் எப்படி மாப்ள கொண்டுவருவது? சொன்ன சொல் என்று ஒன்று இருக்கிறதல்லவா?"

இரண்டு வருடமாகிறது. டூலும் வரவில்லை, மாமாவும் வரவில்லை.