பக்கத்து வீட்டு பிரிட்ஜில் சீஸ் உருண்டை

போன சனிக்கிழமை என் மகள் அபிக்கு ஆறு வயது. கேக்கும் ரோல்ஸும் எல்லா வீட்டு பார்ட்டியிலும் உண்டு. நான் கொஞ்சம் ஸ்டைலாக ஏதாவது செய்ய ஆசைப்பட்டேன். ஆசை யாரை விட்டது? சீஸ் உருண்டை!

செய்முறை லேசு. டின் சீஸைத் துருவி, பட்டர், மிளகுத்தூள், கொஞ்சம் உள்ளிப்பூண்டு சேர்த்துப் பிசைந்து, சின்னச் சின்ன உருண்டையாக்கி, பிரிட்ஜில் நன்றாகக் குளிரவிட வேண்டும். பரிமாறுகிற நேரத்தில் கஜுத் தூளில் (முந்திரிதான்) புரட்டினால் சரி. ஒரேயொரு சிக்கல் – எங்கள் வீட்டில் பிரிட்ஜ் இல்லை.

அதற்குத்தான் பக்கத்து வீட்டு மாலினி இருக்கிறாளே! சிங்களப் பெண். நாவலப்பிட்டியில் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளோடு படித்தவள்... என் யாழ்ப்பாணத் தமிழையே கேலி செய்கிற அளவுக்குத் தமிழ் பேசுவாள். வெள்ளி பின்னேரம் உருண்டைத் தட்டை அவளிடம் கொடுத்து, செய்முறையையும் சொல்லிவிட்டு வந்தேன்.

சனி காலை ரேடியோவைத் திறந்தால், வடக்கில் ஓர் இராணுவ முகாம் தாக்கப்பட்டதாம். எத்தனை பேர் என்று சொல்லவில்லை. சொல்லாவிட்டால் நிறையப் பேர் என்று அர்த்தம். மாலினியின் ஒரே தம்பி அந்தப் பக்கம்தான் சிப்பாய்.

இப்படிச் செய்தி வந்தால் கண்டியில் இருக்கிற எங்கள் ஆட்கள் என்ன செய்வோம்? ஜன்னலைச் சாத்துவோம். பிள்ளைகளை உள்ளே கூப்பிடுவோம். எண்பத்து மூன்றுக் கலவரத்திலிருந்து வந்த பழக்கம். நானும் சாத்தினேன்.

"இண்டைக்கு அங்க போய்க் கதவைத் தட்டாதையும்," என்றார் என் கணவர். "எந்த முகத்தோட போய்ச் சீஸ் உருண்டை கேக்கிறது?"

நியாயம்தான். ஆனால் தம்பியைப் பற்றி விசாரிக்கக் கூடவா போகக் கூடாது? மூன்று தரம் அவள் வீட்டு வாசல் படலை வரை போய்த் திரும்பி வந்தேன். அவள் கண்ணுக்கு இன்றைக்கு நான் வெறும் தமிழச்சியாகத் தெரிந்துவிடுவேனோ என்று பயம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

நாலு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. மாலினி. கையில் என் தட்டு. கஜுத் தூளில் புரட்டி, டூத்பிக் கூடக் குத்தியிருந்தாள்.

"என்னக்கா, பார்ட்டிய வச்சிக்கிட்டு வீட்டப் பூட்டிக்கிட்டு இருக்கீங்க?"

"தம்பி..." என்றேன்.

"இன்னும் ஒண்ணும் தெரியலக்கா. தனியா உக்காந்து போனையே பாத்துக்கிட்டு இருந்தா பைத்தியம் புடிச்சிரும். அதான் வந்துட்டேன்."

அவள் வீட்டுப் போனுக்கு நான் காவல் இருக்க, பார்ட்டி உண்டு என்று நான் அழைத்திருந்த வீடுகளுக்கும் அவளே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். போன் அடித்தால் கேட்க வேண்டுமே – இரண்டு வீட்டுக் கதவையும் திறந்து வைத்தோம். பாட்டுக் கெசட் போடவில்லை. வந்த எட்டுப் பிள்ளைகளும் பிறந்தநாள் பாட்டை மெதுவாகப் பாடின. மாலினி தண்ணீர் கூடக் குடிக்கவில்லை.

ஆறு மணி போல போன் அடித்தது. செருப்பும் போடாமல் ஓடினாள், நான் பின்னாலேயே. போனை எடுத்தவள், பேசுவது தம்பியேதான் என்று தெரிந்ததும் "மல்லி" என்று தம்பியைச் சிங்களத்தில் கூப்பிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அன்றைக்கு எல்லா வீட்டிலும் அப்படிப் போன் வந்திருக்காது. அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

திரும்பி வந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, ஒரு சீஸ் உருண்டையை எடுத்து வாயில் போட்டாள். முகம் ஒரு மாதிரிப் போனது.

"அக்கா... இதுல உப்பு வேற போட்டீங்களா?"

போட்டிருந்தேன். சீஸிலேயே உப்பு இருக்கும் என்று யார் கண்டது? அத்தனை பேர் சாப்பிட்டார்கள், என் கணவர் உட்பட ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

சொன்னவள்தான் இரண்டாவதையும் எடுத்தாள்.