ஒரு கல்லில் மட்டும் வரட்டி

2009-இல் அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸில் இருந்தபோது, கிள்ளைப் பக்கம் மனை வாங்க ஆசைப்பட்டேன். நிலத் தரகு செய்யும் என் மனைவியின் தம்பி ஓர் இடம் சொன்னார். "முப்பது வருஷத்து வில்லங்கம் போட்டுப் பாத்தாச்சு மாமா, ஒண்ணுமே இல்ல. கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்" என்றார். சொந்தக்காரர்தானே என்று தலையாட்டிவிட்டேன்.

நேரில் போனோம். மூலையில் நின்ற எல்லைக் கல்லில் மட்டும் வரட்டி தட்டியிருந்தது. சுற்றிலும் சுரபுன்னைக் காடு. ஒரு மாட்டைக்கூடக் காணோம். எனக்கு உறுத்தியது. வரட்டியைப் பெயர்த்தேன். அடியில் வனத்துறை எண்.

"அது பழைய கல்லு மாமா, வுடுங்க" என்ற மச்சான் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் தனியாக வன அலுவலகம் போய், வில்லங்கம் சுத்தமாக இருப்பதைச் சொன்னேன். வரைபடத்தைப் பார்த்த வனவர் சிரித்தார். "இது காப்புக்காடுன்னு அறிவிச்ச கவர்மென்ட் நிலம் சார். யாரும் வித்ததும் இல்ல, வாங்கினதும் இல்ல. வில்லங்கம் எங்கேந்து வரும்?"

அட்வான்ஸ் கொடுக்கும் முன் தப்பித்தேன். இப்போதெல்லாம் வில்லங்கத்தில் ஒன்றுமே இல்லையென்றால்தான் எனக்குச் சந்தேகம் ஜாஸ்தி. முதலில் எல்லைக் கற்களைத் தடவிப் பார்க்கிறேன், பத்திரமெல்லாம் பிறகுதான். மச்சான் வந்தால் காபி உண்டு. அவர் நீட்டும் காகிதத்தில் கையெழுத்து மட்டும் கிடையாது.